கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட்டா?



“மடியிலே உட்கார்ந்து போற குழந்தைக்குப் பாஸ்போர்ட் எதுக்குங்க? ரயில்லே அஞ்சு வயசு வரைக்கும் டிக்கெட்டே கிடையாது. பஸ்ஸிலேயும் கேக்கிறதில்லே. ஆகாசத்திலே பறந்தா மட்டும் சட்டம் மாறிடுமா? நீங்களே சொல்லுங்க!”

எங்கள் தெருக்கோடி வீட்டு அம்மாள் இப்படிக் கேட்டுக்கொண்டே என் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே மருமகள், இடுப்பில் ஒன்றேகால் வயதுப் பேத்தியோடு. பெண்ணின் முகத்தில் ஈயாடவில்லை.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் புது வீடு வாங்கியிருக்கிறாள். பொங்கலுக்கு எல்லோரும் வந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம். விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று ஐப்பசியிலேயே டிக்கெட் எடுத்துவிட்டார்கள். பணம் திரும்ப வராத டிக்கெட். பெரியவர்கள் மூவரிடமும் பாஸ்போர்ட் இருக்கிறது. குழந்தைக்கு? “அம்மா கூடத்தானே வருது, அம்மா பாஸ்போர்ட்டிலே எழுதிக்கிட்டாப் போச்சு” என்று வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டார்கள். டிக்கெட் எடுத்த பிறகு யாரோ சொல்லித்தான் சந்தேகமே வந்திருக்கிறது.

“பெரியம்மா, நிஜமாவே இவளுக்கும் தனியா எடுக்கணுமா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

இந்தக் கேள்வி அவள் ஒருத்திக்கு மட்டும் உரியதல்ல. பேறுகாலம் பார்க்கப் போகிறவர்கள், கணவர் வேலை பார்க்கும் ஊருக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள், கோடை விடுமுறையில் இலங்கையோ மலேசியாவோ போய்வர நினைக்கிறவர்கள் எல்லோர் வீட்டிலும் எழுகிற கேள்வி. ஆகவே இந்த முறை சமையலறையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் பேசலாம்.

பதில் முதலில், விவரம் பின்னால். இந்தியாவை விட்டு வேறு நாட்டுக்குப் போவதென்றால், நேற்றுப் பிறந்த சிசுவுக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். விசா தேவைப்படும் நாடாக இருந்தால் விசாவும் தனியாக வேண்டும். மடியில் உட்கார்ந்தாலும் சரி, தோளில் தூங்கினாலும் சரி. விதிவிலக்கு இரண்டே இரண்டு அண்டை நாடுகள். அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மாள் விடவில்லை. “அந்தக் காலத்திலே எங்க சித்தி நாலு பிள்ளைங்களை ஒரே பாஸ்போர்ட்டிலே கூட்டிட்டுப் போனாங்களே!” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கே அது நன்றாகத் தெரியும். அப்படி ஒரு பாஸ்போர்ட்டுக்குள் ஒரு வரியாக இருந்தவள்தான் நானும்!

பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குழந்தைகளுக்கென்றே அதில் ஓர் இடம் உண்டு. பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்று பேனாவால் எழுதி முத்திரை குத்துவார்கள். அப்பாவுடையதிலோ அம்மாவுடையதிலோ சேர்த்துக்கொள்ளலாம். செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம். ஆனால் அதில் ஒரு பெரிய சங்கடமும் இருந்தது. யாருடைய புத்தகத்தில் பெயர் இருக்கிறதோ, அவர் இல்லாமல் குழந்தை எல்லையைத் தாண்ட முடியாது.

என் தகப்பனார் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. அம்மாவுக்கு நாகப்பட்டினம். என் பெயரும், கைக்குழந்தையாக இருந்த என் தம்பியின் பெயரும் அப்பாவின் பாஸ்போர்ட்டில் இருந்தன. “குடும்பத் தலைவர் பேரிலே இருக்கட்டும்” என்று அப்படிச் செய்தார்கள். யாரும் யோசித்துச் செய்ததல்ல, அதுதான் வழக்கம்.

1969-ல், எனக்கு எட்டு வயது. அப்பா கடை வேலையாகக் கடல் தாண்டி மேடானுக்குப் போயிருந்தார். அவர் போன மூன்றாம் நாள் நாகப்பட்டினத்திலிருந்து தந்தி வந்தது. தாத்தாவுக்கு உடம்பு மோசம், உடனே புறப்படு என்று. ‘ரஜூலா’ கப்பல் அந்த வாரம்தான் பினாங்குக்கு வர இருந்தது. அம்மாவிடம் அவளுடைய பாஸ்போர்ட் இருந்தது. எங்கள் பெயர் இருந்த புத்தகமோ அப்பாவின் சட்டைப்பையில், மேடானில்!

எட்டு மாதத் தம்பி தாய்ப்பால் குடிக்கிற குழந்தை. அவனை விட்டுவிட்டு அம்மா எப்படிப் போவாள்? அழைத்துக்கொண்டு போகத் தாள் இல்லை. அலுவலகத்துக்குப் போய் மன்றாடினால் அவசரத்துக்கு ஏதாவது வழி கிடைத்திருக்கலாம். அப்படி ஒரு வழியைச் சொல்ல அந்த ஊரில் அம்மாவுக்கு யார் இருந்தார்கள்? கப்பல் வந்தது, போயிற்று. தாத்தா அதற்குப் பிறகும் பதினெட்டு நாள் இருந்தார். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு இருந்தாராம். அப்பா திரும்பி வந்து, அடுத்த கப்பலுக்கு இடம் பிடித்து, நாங்கள் நாகப்பட்டினம் துறைமுகத்தில் இறங்கியபோது கருமாதியே முடிந்துவிட்டது.

அம்மா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஆனால் எனக்குக் கல்யாணமாகி முதல் குழந்தை பிறந்ததும் அவள் சொன்ன புத்திமதிகளில் ஒன்று, “உன் பிள்ளைகளோட தாளை உன் கைக்கு எட்டற இடத்திலே வெச்சுக்கோ” என்பது.

இன்றைய சட்டம் கெடுபிடியாகத் தோன்றினாலும், அதில் பெண்களுக்கு ஒரு நன்மை ஒளிந்திருக்கிறது. குழந்தைக்குத் தனிப் புத்தகம் இருந்தால், அது அப்பாவோடும் போகலாம், அம்மாவோடும் போகலாம், பாட்டியோடும் போகலாம். ஒருவருடைய சட்டைப்பைக்குள் மாட்டிக்கொள்ளாது.

‘ஓர் ஆளுக்கு ஒரு பாஸ்போர்ட்’ என்பது உலகம் முழுக்க வந்துவிட்ட வழக்கம். பிரிட்டன் 1998-லேயே பெற்றோர் பாஸ்போர்ட்டில் குழந்தைகளைச் சேர்ப்பதை நிறுத்தியது. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2012 ஜூன் 26 முதல் எந்த வயதுக் குழந்தைக்கும் தனிப் புத்தகம்தான். நம் நாட்டிலும் சேர்த்து எழுதும் பழக்கம் போய்விட்டது. பாஸ்போர்ட்டை இப்போது இயந்திரம் படிக்கிறது. அதில் ஒரு முகம், ஒரு பெயர், ஓர் எண்ணுக்குத்தான் இடம். அதோடு, வெறும் பெயரை மட்டும் எழுதி வைத்தால், வேறு யாருடைய குழந்தையையோ அந்தப் பெயரில் கடத்திப் போகவும் வழி உண்டல்லவா? குழந்தையின் முகத்தோடு புத்தகம் இருந்தால் அது அத்தனை சுலபமில்லை. மொத்தத்தில் இது நம் குழந்தைகளுக்கு ஒரு காவல்.

எங்கெங்கே வேண்டாம்?

வீணாகச் செலவு செய்யவும் கூடாதல்லவா? ஆகவே, எதற்கு வேண்டாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தியாவுக்குள் எங்கே பறந்தாலும் பாஸ்போர்ட் வேண்டாம். காசியானாலும் காஷ்மீரானாலும் அந்தமானானாலும் நம் நாடுதான். இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு மடி டிக்கெட் எடுத்தால், வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று கைப்பையில் இருக்கட்டும். கேட்பார்கள்.

நேபாளம், பூட்டான் இரண்டும்தான் நான் முன்னே சொன்ன விதிவிலக்குகள். முக்திநாத் யாத்திரை போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். இந்தியர்களுக்கு நேபாளம் போகப் பாஸ்போர்ட் கட்டாயமில்லை. பெரியவர்கள் வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டலாம். பதினைந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களும் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களும் ஆதார் அட்டை போன்ற, புகைப்படமும் வயதும் உள்ள ஓர் அத்தாட்சியோடு போகலாம். பதினைந்து முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளித் தலைமை ஆசிரியர் உரிய படிவத்தில் தரும் சான்று போதும். பூட்டானுக்குப் பெரியவர்களிடம் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருக்கவேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் உள்ள பிறப்புச் சான்றிதழ் போதும். ஆனால் பெற்றோரோ காப்பாளரோ கூடவே வரவேண்டும்.

பிள்ளைகளிடம் பாஸ்போர்ட் ஏற்கெனவே இருந்தால் இந்த இரண்டு நாடுகளுக்கும் அதையே எடுத்துப் போங்கள். கேள்வி குறையும்.

இலங்கை? “கூப்பிடு தூரம்தானே” என்று நினைத்துவிடாதீர்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, நடுவில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி விடப்பட்டது. சில மணி நேரத்துப் பிரயாணம்தான். ஆனாலும் வேற்று நாடு வேற்று நாடுதான். கைக்குழந்தைக்கும் பாஸ்போர்ட் வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, துபாய், தாய்லாந்து எல்லாவற்றுக்கும் அப்படியே. விமானக் கம்பெனிக்காரர்கள் உள்ளூரில், பெட்டி போடும் கவுண்டரிலேயே பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடுவார்கள். இல்லையென்றால் ஏற்றவே மாட்டார்கள். அங்கே போய்க் கெஞ்சிப் பயனில்லை.

பெயர் படுத்தும் பாடு

தெருக்கோடிப் பெண்ணிடம், “பாப்பாவோட பிறப்புச் சான்றிதழைக் கொண்டு வா, பார்க்கலாம்” என்றேன். கொண்டு வந்தாள். பார்த்தால், குழந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடம் காலி!

இது நம் ஊரில் சாதாரணம். பிரசவம் ஆனதும் ஆஸ்பத்திரி மூலம் பிறப்பைப் பதிந்துவிடுகிறோம். பெயர் வைப்பதோ அதற்கு அப்புறம். பிறந்த நட்சத்திரம் பார்த்து, எண் கணிதம் பார்த்து, தாத்தா பாட்டி சண்டை தீர்ந்து பெயர் முடிவாவதற்குள் சான்றிதழ் பீரோவுக்குள் போய்விடுகிறது. பிறகு பள்ளியில் சேர்க்கும்போதுதான் நினைப்பு வருகிறது.

பிறந்த ஒரு வருஷத்துக்குள் பெயரைப் பதிந்தால் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டிப் பதியலாம். பதினைந்து வருஷம் வரை அவகாசம் உண்டு. பிறப்பைப் பதிவு செய்த மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி அலுவலகத்தில்தான் இதைச் செய்யவேண்டும். பிறந்த வீட்டில் பிரசவம் நடந்திருந்தால் அந்த ஊருக்குத்தான் போகவேண்டும், புருஷன் வீட்டு ஊரில் நடக்காது. இந்தப் பெண்ணுக்குப் பிரசவம் நடந்தது தஞ்சாவூர்ப் பக்கம். அவள் தகப்பனார் இரண்டு முறை அலைந்தார்.

“ஆதார் அட்டையிலே பேர் இருக்கே, அதைக் காட்டினா போதாதா?” என்று அவள் கணவர் கேட்டார். போதாது. 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான அத்தாட்சி பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் என்று 2025-ல் பாஸ்போர்ட் விதிகளைத் திருத்திவிட்டார்கள். இந்தக் குழந்தை அதற்குப் பிறகு பிறந்தது.

அடுத்தது எழுத்து. சான்றிதழில் ஒரு விதமாகவும் ஆதாரில் இன்னொரு விதமாகவும் ஆங்கில எழுத்துகள் இருந்தால் தொல்லை. எண் கணிதக்காரர் சொன்னார் என்று நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்வதானால், அதை எல்லாத் தாள்களிலும் கூட்டுங்கள். அதிர்ஷ்டம் ஒரு தாளில் மட்டும் இருந்தால் அவஸ்தைதான்!

இனிஷியல் விஷயம் நமக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் இனிஷியல் எழுத்தை மட்டும் போடமுடியாது; விரித்து முழுப் பெயராக எழுதவேண்டும். விண்ணப்பத்தில் குழந்தையின் சொந்தப் பெயருக்கு ஓர் இடம், குடும்பப் பெயருக்கு ஓர் இடம் இருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லையே என்று அந்த இரண்டாவது இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு அனுமதி இல்லை என்று அறிவித்தபோது நம்மவர்கள் நிறையப் பேர் திகைத்துப் போனார்கள். கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்வதாகப் பிறகு தளர்த்தினார்கள். இருந்தாலும் வம்பை விலைக்கு வாங்குவானேன்? குழந்தைக்கு முதன்முதலாக எடுக்கும்போதே, அப்பா பெயரையோ அம்மா பெயரையோ அந்த இரண்டாவது இடத்தில் போட்டுவிடுங்கள். அக்காவுக்கு ஒரு மாதிரி, தம்பிக்கு ஒரு மாதிரி என்று இல்லாமல், வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே முறையாக இருக்கட்டும்.

எடுப்பது எப்படி?

சென்னை, திருச்சி, மதுரை, கோயமுத்தூர் ஆகிய நான்கு ஊர்களில் மண்டல அலுவலகம் இருக்கிறது. அவற்றின் கீழே பல ஊர்களில் சேவா கேந்திரங்களும், தபாலாபீசுகளிலேயே நடக்கும் சேவா கேந்திரங்களும் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, பணம் கட்டி, நாளும் நேரமும் வாங்கிக்கொண்டு போகவேண்டும். குழந்தையும் கட்டாயம் வரவேண்டும். “தூங்கறான், அப்புறம் கூட்டிட்டு வரேன்” என்பது எடுபடாது.

கொண்டு போகவேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் முகவரிக்கான அத்தாட்சி, பெற்றோரிடம் பாஸ்போர்ட் இருந்தால் அவற்றின் மூலமும் பிரதிகளும், அப்பா அம்மா இருவரும் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரம். இந்தப் பத்திரத்துக்கு ‘அனெக்ஷர் டி’ என்று பெயர். வெறும் தாளில் எழுதினால் போதும். கையெழுத்துப் போடத் தெரியாத குழந்தைக்குக் கைநாட்டுதான். அதற்குப் பதிலாக நீங்கள் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு அங்கேயே படம் எடுத்துக்கொள்வார்கள். நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மட்டும் நாம் படம் கொண்டு போகவேண்டும். வெள்ளைப் பின்னணியில், 4.5 சென்டிமீட்டர் உயரம், 3.5 சென்டிமீட்டர் அகலம், கலர்ப் படம். இதற்குப் பட்ட பாட்டைத் தெருக்கோடிப் பெண் சொல்லக் கேட்டு எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஸ்டுடியோவில் விளக்கைப் பார்த்ததும் குழந்தை வீரிட்டதாம். அம்மா தூக்கிக்கொண்டால் அம்மாவின் கை படத்தில் விழுகிறது. கடைசியில் கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்து, குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, பாட்டி மேலே நின்று கிலுகிலுப்பை ஆட்ட, மேலிருந்து எடுத்தார்களாம். நல்ல யோசனை! வயிறு நிறைந்து, தூக்கம் தெளிந்த நேரத்தில் எடுங்கள். கண் திறந்திருக்க வேண்டும். தலைக்குத் தொப்பி வேண்டாம்.

கட்டணம் இப்போது ஆயிரம் ரூபாய். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புதிதாக எடுக்கும்போது பத்து சதவிகிதம் தள்ளுபடி. ஆக 900 ரூபாய். அவசரமாக ‘தத்கல்’ முறையில் வேண்டுமென்றால் கூடுதலாக 2000 ரூபாய். அப்பா அம்மா இருவரிடமும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால், பெரும்பாலும் குழந்தைக்குப் போலீஸ் விசாரணை இருப்பதில்லை. சீக்கிரமே தபாலில் வந்துவிடும்.

தனியாக வளர்க்கும் தாய்மார்களுக்கு

இதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். கணவரைப் பிரிந்தவர்கள், கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவர்கள், “இரண்டு பேர் கையெழுத்துக் கேக்கறாங்களே” என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். விடவேண்டாம். ஒருவர் சம்மதம் மட்டும் இருக்கும் நிலையில், காரணத்தைச் சொல்லி உறுதிமொழி கொடுக்க ‘அனெக்ஷர் சி’ என்று வேறு படிவம் இருக்கிறது. 2016 டிசம்பரில் விதிகளை எளிதாக்கியபோது, விண்ணப்பத்தில் அப்பா அம்மா இருவரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்றும் ஆக்கிவிட்டார்கள். கல்யாணச் சான்றிதழும் கேட்பதில்லை. தாயின் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டில் ஒரு குழந்தை தலை நிமிர்ந்து உலகம் சுற்றலாம். ஆனால் கோர்ட்டில் குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடந்துகொண்டிருந்தால், வக்கீலைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள்.

சேர்ந்து வாழும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் பாஸ்போர்ட் இருவருக்கும் தெரிந்த இடத்தில், இருவரும் திறக்கக்கூடிய பெட்டியில் இருக்கட்டும். அப்பா வெளியூர் போகும்போது சாவியும் கூடப் போய்விடக் கூடாது. ஏன் என்று நான் மறுபடியும் சொல்லவேண்டியதில்லை.

அஞ்சு வருஷம் என்பது நாலரைதான்!

குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான். பெரியவர்களுக்குப் பத்து. “அஞ்சு வருஷத்திலே வீணாப் போற புஸ்தகத்துக்கு இத்தனை செலவா?” என்று அம்மாள் அங்கலாய்த்தார். மூன்று மாதக் குழந்தையின் படத்தை வைத்துக்கொண்டு பத்து வயதுப் பையனை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது? அதற்காகத்தான் இந்தக் கெடு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிங்கப்பூர், மலேசியா, இலங்கை போன்ற நாடுகள், பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லவேண்டும் என்று கேட்கின்றன. ஆகவே ஐந்து வருஷப் புத்தகம் நடைமுறையில் நாலரை வருஷம்தான். நம்முடையது பத்து வருஷம் ஓடும் என்பதால் பிள்ளைகளுடையதை மறந்துவிடுகிறோம். காலண்டர் மாற்றும் ஒவ்வொரு ஜனவரியிலும், வீட்டிலுள்ள எல்லாப் பாஸ்போர்ட்டுகளும் முடியும் தேதியைப் பார்த்து, புதுக் காலண்டரின் பின்பக்கம் குறித்து வையுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள்

பேத்தி அங்கே பிறந்துவிட்டாள், மூன்றாம் மாதம் குலதெய்வம் கோயிலுக்குக் கொண்டு வந்துவிட வேண்டும் என்று இங்கே பாட்டிமார்கள் நாள் குறித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பெற்றோர் இந்தியக் குடிகளாக இருந்து, குழந்தைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்காதபோது, பிறந்த ஒரு வருஷத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்து, இந்தியப் பாஸ்போர்ட் எடுக்கவேண்டும். அமெரிக்கா போல, அங்கே பிறந்தாலே அந்த நாட்டுக் குடியுரிமை தரும் நாடானால், அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்தபின் இங்கே வர விசாவோ, ‘ஓ.சி.ஐ.’ என்கிற வெளிநாட்டு இந்தியர் அட்டையோ வேண்டும். இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள நம் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே மொட்டை போட நாள் பார்க்கும் முன், தாள் எப்போது வரும் என்று மகளைக் கேட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பிரியுங்கள்.

எடுப்பதா, வேண்டாமா?

என்னைக் கேட்டால் இப்படி முடிவு செய்யலாம். அடுத்த ஒரு வருஷத்தில் வெளிநாடு போகும் உத்தேசம் இருந்தால் இப்போதே எடுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே டிக்கெட் எடுங்கள். நெருங்கிய உறவினர் யாராவது வெளிநாட்டில் இருந்தால், உத்தேசம் இல்லாவிட்டாலும் எடுத்து வைப்பது நல்லது. நல்ல காரியத்துக்கு நாள் குறித்துச் சொல்லுவார்கள். கெட்ட சேதி சொல்லிக்கொண்டு வராது. இரண்டும் இல்லை, உள்ளூரோடு சரி, மிஞ்சினால் முக்திநாத் என்றால், 900 ரூபாயைக் குழந்தை பேரில் தபாலாபீசில் போடுங்கள். ஆனால் பிறப்புச் சான்றிதழில் பெயர் மட்டும் இன்றைக்கே ஏற்றிவிடுங்கள். அதற்குச் சால்ஜாப்பு கிடையாது.

பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வந்ததும், குழந்தையின் தடுப்பூசி அட்டையின் பிரதியையும் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் அதனுடனேயே ஓர் உறையில் போட்டு வையுங்கள். புது ஊரில் ஜுரம் என்றால் டாக்டர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

தெருக்கோடிப் பெண்ணின் கதை என்ன ஆயிற்று என்கிறீர்களா? பெயர் ஏற்றி, புதுச் சான்றிதழ் வாங்கி, கிலுகிலுப்பைப் படத்தோடு போய், பாஸ்போர்ட் வாங்கி, விசாவும் கைக்கு வந்தபோது புறப்பட நாலு நாள்தான் பாக்கி. அந்த ஆறு வாரத்தில் அவள் சரியாகத் தூங்கவில்லை. இதையே நிதானமாக முன்னால் செய்திருந்தால் எத்தனை நிம்மதி!

தபால்காரர் கொண்டுவந்த புத்தகத்தை அந்த அம்மாள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாராம். பிரித்துப் பார்த்துவிட்டு, பேத்தியின் படத்துக்கு நேரே விரலை வைத்து, “எங்க வீட்டுச் சிறுக்கிக்கு சர்க்காரே புஸ்தகம் போட்டிருக்கு பாருங்க” என்று தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டினார். என் வீட்டுக்கும் கொண்டு வந்தார்.

நான் வாங்கிப் பார்த்தேன். பாப்பா மிரண்டுபோய் மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள் பெயர், அவள் முகம், அவள் அம்மா பெயர், அப்பா பெயர் எல்லாம் அதில் இருக்கின்றன. என் அம்மாவின் நினைவு வந்தது. நாகப்பட்டினத்துக் கப்பலைக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளே, அன்றைக்கு அவள் கையில் இப்படி இரண்டு சின்னப் புத்தகங்கள் இருந்திருந்தால் தாத்தாவின் முகத்தைப் பார்த்திருப்பாள்.

உங்கள் வீட்டுப் பீரோவை இன்றைக்கே ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள், சகோதரிகளே. அடுத்த இதழில் சந்திப்போம்.